மாடியில் சோலார் போடப் போறீங்களா? தறி இருக்கும் வீடுகள் முதலில் இதைப் பாருங்க

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் போன்ற நெசவு ஊர்களில், சோலார் போடும் முன் இ.பி. பில்லை எடுத்துப் பார்ப்பது நல்லது. கைத்தறி நெசவாளர்களுக்கு 2 மாதத்துக்கு 300 யூனிட் ஏற்கெனவே இலவசம். அதற்குள் அடங்கும் வீட்டில் பேனலால் மிச்சமாக பெரிசா எதுவும் இல்லை.

ஏசி, மோட்டார்னு பில் எகிறும் வீடா? அப்போ கணக்கு வேற. 1 கிலோவாட் பேனல் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். நிழல் விழாத மாடி சுமார் 100 சதுர அடி வேணும். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2-க்கு ரூ.60,000, 3-க்கு ரூ.78,000 மானியம். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான்.

ஆனால் மானியம் முன்கூட்டியே வராது. நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே வங்கிக் கணக்கில் விழும். அதுவரை முழுத் தொகைக்கும் கைக்காசு அல்லது வங்கிக் கடன்தான். பேனல் போடும் நிறுவனம் திட்ட இணையதளத்தின் பட்டியலில் இருக்கான்னு பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்க.