ஹைட்ராமேட்டிக்: பெட்டியைத் திறக்காமல் நாடி பார்த்த கதை

மேட்டில் ஏறும்போது பழைய ஆட்டோமேடிக் கார் ஒன்று அடம் பிடிக்குது. இஞ்சின் மட்டும் 'உய்ய்ய்'னு கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பட்டறைக்குக் கொண்டு போனா காதில் விழும் முதல் வார்த்தை: "கியர்பாக்ஸை இறக்கிப் பிரிச்சுடலாம் சார்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராத்தான் இந்தப் பதிவு. பிரிச்ச பெட்டி ஓடாது. ஓடாத பெட்டியிடம் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. உள்ளே எது கெட்டிருக்குன்னு அது சொல்றது ஓடும்போது மட்டும்தான். இதைப் புரிஞ்சுக்க, கூட்டமா விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேடிக் கியர்பாக்ஸின் கதையை விட நல்ல பாடம் வேற இல்லைன்னு நினைக்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் அறிவிச்சு, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கொடுத்த ஹைட்ராமேட்டிக்தான் அது. அந்தக் குழுவுக்குத் தலைமை ஏர்ல் தாம்சன். கியர் மாத்தும்போது பல் கடிக்காம இருக்க சிங்க்ரோமெஷ் கண்டுபிடிச்சதும் இவர்தான். 1928-இல் கேடிலாக் காரில் அது வந்தது. முதலில் கியர் மாத்துறதைச் சுலபமாக்கினார், அப்புறம் அந்த வேலையையே டிரைவரிடமிருந்து பிடுங்கிட்டார் :-)

கிளட்ச் பெடல் போச்சு. டிரைவருக்குக் கொண்டாட்டம், மெக்கானிக்குக் திண்டாட்டம். அதுவரை கோளாறைக் காலும் கையும் சொல்லிடும். பெடல் லூசா இருக்கு, லீவர் இறுகுதுன்னு தெரியும். இப்போ எல்லாம் எண்ணெய் நிரம்பின இரும்புப் பெட்டிக்குள்ளே.

ஆனா அந்தப் பெட்டியின் அமைப்பிலேயே விடை இருந்தது. உள்ளே முன்னால் ஒண்ணு, பின்னால் ஒண்ணுன்னு ரெண்டு பிளானட்டரி கியர் செட். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுத்திக் கோள்கள் மாதிரி சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பேண்ட், ஒரு கிளட்ச். பேண்ட்ங்கிறது டிரம்மைச் சுத்திப் பிடிக்கிற எஃகுப் பட்டை. அது பிடிச்சா அந்த செட் வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கூட்டும். கிளட்ச் பிடிச்சா செட் மொத்தமும் ஒரே கட்டியாச் சுத்தும்.

இப்போ கணக்கு பாருங்க. முதல் கியரில் ரெண்டு பேண்டும் பிடிக்கும். ரெண்டாவதில் முன் கிளட்ச், பின் பேண்ட். மூணாவதில் முன் பேண்ட், பின் கிளட்ச். நாலாவதில் ரெண்டு கிளட்சும். அவ்வளவுதான்!

இது கையில் இருந்தா ஸ்பேனர் தொடாமலே துப்பறியலாம். ரெண்டிலும் நாலிலும் மட்டும் வழுக்குதா? அந்த ரெண்டுக்கும் பொதுவானது முன் கிளட்ச். மூணிலும் நாலிலும்னா பின் கிளட்ச். ஒண்ணு, ரெண்டுன்னா பின் பேண்ட். ஒண்ணு, மூணுன்னா முன் பேண்ட். ரிவர்ஸிலும் முன் பேண்ட்தான் பிடிக்கும், அதனால ரிவர்ஸும் வழுக்கினா சாட்சி பலமாயிடுச்சு. அப்பவும் பேண்ட் தேஞ்சு போச்சுன்னு உடனே முடிவு கட்டக் கூடாது. அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

ரெண்டிலிருந்து மூணுக்குப் போற இடம்தான் பெரிய பரீட்சை. முன்னால் கிளட்ச் விட்டு பேண்ட் பிடிக்கணும், பின்னால் பேண்ட் விட்டு கிளட்ச் பிடிக்கணும். நாலு வேலையும் ஒரே நொடியில். கொஞ்சம் பிசகினா நடுவில் இஞ்சின் வீறிடும், இல்லேன்னா வண்டி குதிக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போற கம்பியின் அளவு தப்பா இருந்தாலே இது நடக்கும். வெளியே திருத்த வேண்டியதுக்கு உள்ளே அறுவை சிகிச்சை செஞ்சவங்களும் உண்டு.

எல்லாக் கியரும் வழுக்கினா? நாலு பேரும் ஒரே நாளில் கெட்டுப் போக மாட்டாங்க. எண்ணெய் குறைஞ்சிருக்கு, இல்லேன்னா பம்ப் அழுத்தம் கொடுக்கலை. இங்கே ஒரு பொறி இருக்கு. மாசக்கணக்கில் நின்ன பழைய காரில் எண்ணெய் மேலேயிருந்து கீழே வடிஞ்சு தேங்கிடும். இஞ்சினை ஓட்டாம டிப்ஸ்டிக் பார்த்தா அளவு அதிகமாத் தெரியும். "அடடா, ஜாஸ்தியாச்சே"ன்னு கொஞ்சத்தை இறக்கிட்டு ஓட்டினா அன்னைக்கே கிளட்ச் கருகும். குளிர்ந்த பெட்டி வழுக்கி, சூடானதும் சரியானா ரப்பர் சீல் இறுகிப் போயிருக்கலாம். சூடான பிறகு வழுக்கினா, இளகின எண்ணெய் எங்கேயோ கசிஞ்சு அழுத்தம் குறையுது.

அடுத்து எண்ணெய்த் தட்டு. மெல்லிய கருப்புப் பொடி கொஞ்சம் இருந்தா சகஜம். குவியலா இருந்து கருகின வாடையும் அடிச்சா கிளட்ச் அல்லது பேண்ட் எரிஞ்சிருக்கு. மஞ்சளாப் பளபளத்தா வாஷர், புஷ் தேயுது. காந்தத்தில் எஃகுத் துண்டு ஒட்டினா பல்சக்கரம், பேரிங் பக்கம் சந்தேகம்.

இந்தப் பெட்டி போருக்கும் போச்சு. 1942-இல் உற்பத்தியான எம்5 ஸ்டுவர்ட் டாங்கியில் ரெண்டு கேடிலாக் இஞ்சின், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹைட்ராமேட்டிக். போர் முடிஞ்சதும் அதையே விளம்பரத்தில் சொல்லிக்கிட்டாங்க.

அப்புறம் வந்தது 1953 ஆகஸ்ட் 12. மிச்சிகனில் லிவோனியா ஊரில் இருந்த ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை வெல்டிங் பொறியில் தீப்பிடிச்சு அழிஞ்சது. வில்லோ ரன்னில் வேற ஆலையைப் பிடிச்சு அதே வருஷம் உற்பத்தியைத் தொடங்கினாங்க. இடைப்பட்ட காலத்தில் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்கள் சிலதில் ப்யூக்கின் டைனாஃப்ளோ பெட்டியை மாட்டி அனுப்பினாங்க. டைனாஃப்ளோ டிரைவில் கியரே மாத்தாது, டார்க் கன்வெர்ட்டர் மூலமா வழவழன்னு வேகம் எடுக்கும். விஷயம் தெரியாதவர் அப்படியொரு 53 கேடிலாக்கை ஓட்டினா, "நாலு கியர் மாறணுமே, ஒண்ணுமே மாறலையே, பாக்ஸ் செத்துடுச்சு"ன்னு நல்ல பெட்டிக்குச் சாவு ஓலை எழுதிடுவார். முதல் கேள்வி "என்ன கோளாறு?" இல்லைங்க. "இது என்ன பெட்டி?"

கடைசியா ஒண்ணு. எல்லாப் பரிசோதனையும் முடிஞ்சு, இறக்கித்தான் ஆகணும்னு ஆகி, உள்ளே கருகின கிளட்ச் தகடு கிடைச்சதுன்னு வைங்க. அது குற்றவாளி இல்லை, பலியானவன். அழுத்தத்தைக் கசியவிட்ட ஒரு உடைஞ்ச வளையமோ, சிக்கிக்கிட்ட ஒரு வால்வோ இன்னும் உள்ளேயே ஒளிஞ்சிருக்கும். அதைக் கண்டுபிடிக்காம புதுத் தகடு போட்டா அதுவும் கருகும். பழைய காருக்கு உதிரி பாகம் அடிக்கடி கிடைக்காது. தப்பான ஒரு முடிவு போதும், எழுபது வருஷம் ஓடின வண்டி கொட்டகையில் நின்னுடும்.

அதனால மக்களே, யாராவது "பிரிச்சுடலாம் சார்"னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்தெந்தக் கியரில் வழுக்குதுன்னு ஓட்டிப் பார்த்தீங்களா?"