10 நிமிட தீ... எரிக்சனுக்கு 40 கோடி டாலர் இழப்பு! நோக்கியா தப்பியது எப்படி?

எது தவறாகப் போகலாம், போனால் எவ்வளவு அடிபடும் என்று ஒரு நிறுவனம் முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் 'ரிஸ்க் அசெஸ்மெண்ட்'. பல ஆபீஸ்களில் இது வருஷத்துக்கு ஒருமுறை நிரப்பி ஃபைலில் போடும் பேப்பர். அதன் மதிப்பை 2000-ம் ஆண்டு நடந்த ஒரு சின்ன தீ விபத்து காட்டியது.

என்ன நடந்தது?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ளது அல்புகர்க்கி நகரம். 2000 மார்ச் 17 இரவு, மின்னல் தாக்கியதால் அங்கிருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் தீப்பிடித்தது. சுமார் 10 நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால், சிப் தயாரிக்கும் இடம் தூசி துளிகூட இருக்கக் கூடாத 'க்ளீன் ரூம்' ஆச்சே! புகையும் தண்ணீரும் புகுந்ததில், தீயைவிட அதிக சேதம்.

ஆலையின் பெரிய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன். சிப் வர ஒரு வாரம் தாமதமாகும் என்று இருவருக்கும் தகவல் போனது.

நோக்கியா என்ன செய்தது?

"ஒரு வாரம்தானே" என்று விடவில்லை. அந்த சிப்களை தனி கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்து, தினமும் விசாரித்தது. தாமதம் வாரக்கணக்கில் நீளும் என்று தெரிந்ததும், விஷயம் தலைமை வரை போனது. பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் தனக்காகத் தயாரிக்க வைத்தது. வேறு சப்ளையர்களைப் பிடித்தது. வேறு ஆலைகளிலும் தயாரிக்க வசதியாக சில சிப்களின் டிசைனையே மாற்றியது.

எரிக்சன் எங்கே சறுக்கியது?

செலவைக் குறைப்பதற்காக மாற்று சப்ளையர்களை முன்பே கைவிட்டிருந்தது எரிக்சன். நிலைமையின் தீவிரம் மேலிடத்துக்குத் தெரியவே வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் கிடைக்கக்கூடிய சிப்களை நோக்கியா பிடித்துவிட்டது. விற்பனை இழப்பு சுமார் 40 கோடி டாலர். 2001-ல் மொபைல் வணிகத்தில் சோனியுடன் கூட்டு சேர்ந்தது எரிக்சன். அதற்கு இந்தத் தீ மட்டுமே காரணம் என்றால் அது மிகை. அதன் மொபைல் பிரிவில் வேறு சிக்கல்களும் இருந்தன.

பிறகு என்ன மாறியது?

அல்புகர்க்கியில் மின்னல் அடிக்கும் என்று யாரும் கணித்திருக்க முடியாது. நோக்கியாவும் கணிக்கவில்லை. 'நடக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று மட்டும் கேட்டிருந்தால், இந்த ரிஸ்க் பட்டியலின் கடைசியில்தான் இருந்திருக்கும்.

அதனால் எரிக்சன் தன் கணக்கையே மாற்றியது. ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை சப்ளையர், ஒருவர் நின்றுபோனால் மறுபடி சரக்கு வர எத்தனை மாதம் ஆகும், அதுவரை எவ்வளவு வருமானம் போகும் என்று பார்க்கத் தொடங்கியது. சப்ளையருக்கு சப்ளை செய்பவர்களும் இதில் அடக்கம். மாற்று இல்லாத, மீளவும் நாளாகும் பாகம் என்றால், விலை சில ரூபாய் என்றாலும் அதற்குத்தான் முதலிடம்.