கடைசியில் வந்தவர் சொல்லே செல்லும்

தளத்தின் தலைப்புக்குப் பச்சை நிறம் கொடுத்துச் சேமிக்கிறோம். திரையில் அது பிடிவாதமாக நீலமாகவே நிற்கிறது. நாம் எழுதியதில் பிழை ஏதும் இல்லை. அதே தலைப்புக்கு நிறம் சொல்லும் வேறொரு கோப்பு நமக்குப் பின்னால் வந்து இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகராகட்டும், கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரராகட்டும், விலைக்கு வாங்கிய தீமில், அதாவது ஆயத்த வடிவமைப்பில், தளம் நடத்தும் எவரும் ஒருநாள் இந்த முட்டுச்சந்துக்கு வந்து நிற்பார். தீம் ஒன்று சொல்லும், கூடுதல் வசதிக்காகச் சேர்த்த ப்ளகின் இன்னொன்று சொல்லும், நாம் ஒட்டிய நாலு வரி வேறொன்று சொல்லும். இவற்றில் எது எடுபடும் என்று தீர்க்கும் சட்டத்துக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அது கடந்து வந்த பாதையில் ஒரு நார்வேக்காரர், ஒரு டச்சுக்காரர், சிங்கப்பூர்த் தமிழர்கள், தீம் வியாபாரிகள், ஏகப்பட்ட விபத்துகள் எல்லாம் உண்டு.

1990-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை எழுதினார். அதில் எழுத்தின் அளவையும் தோற்றத்தையும் மாற்றும் வசதி இருந்தது. ஆனால் அது பக்கத்தைப் படிப்பவர் கையில் இருந்தது. எழுதியவர் தலைப்பு எது, பத்தி எது என்று மட்டும் சொன்னால் போதும். 1993-இல் மொசைக் உலாவி வந்து கூட்டம் சேர்ந்ததும் நிலைமை மாறியது. பக்கம் செய்கிறவர்கள், அச்சுப் பத்திரிகையில் இருக்கும் அதிகாரம் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

படிப்பவருக்கும் பக்கம் செய்கிறவருக்கும் நடுவில் ஒரு சமாதானத்தைக் கொண்டுவந்தவர், அப்போது செர்னில் வேலை பார்த்த நார்வேக்காரர் ஹோகன் வியும் லீ. 1994 அக்டோபர் 10 அன்று, பக்கத்தின் தோற்றத்தைத் தனி விதிகளாக எழுதும் முறைக்கான தன் முன்மொழிவை வெளியிட்டார். சரியாக மூன்று நாள் கழித்து நெட்ஸ்கேப் தன் முதல் உலாவியை ஊருக்கு அறிவித்தது. ஹோகன் லீயின் முதல் யோசனையில் ஒரு விசித்திரம் இருந்தது: ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம். தலைப்பின் அளவு இவ்வளவு, இதில் எனக்கு 40 சதம் செல்வாக்கு போதும் என்று ஒருவர் கேட்கலாம். மீதியை அடுத்தவருக்கு விடலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவைப் பங்கு பிரிப்பது போல எழுத்துருவைப் பிரிக்க முடியுமா? டைம்ஸில் 40 பங்கும் ஹெல்வெட்டிகாவில் 60 பங்கும் கலந்த ஓர் எழுத்தை யாரும் வரைந்து வைத்திருக்கவில்லை. சதவீதம் உதிர்ந்தது. வாசகருக்கும் ஒரு சொல் உண்டு என்ற எண்ணம் மட்டும் தங்கியது.

நெதர்லாந்தில் குரோனிங்கனில் ஆர்கோ என்ற உலாவியை எழுதிக்கொண்டிருந்த பெர்ட் பாஸும் இதே வேலையில்தான் இருந்தார். இருவரும் சேர்ந்தார்கள். 1996 டிசம்பர் 17 அன்று, தோற்ற விதிகளை எழுதும் இந்த முறை சிஎஸ்எஸ் என்ற பெயரில் முதல் பதிப்பாக அதிகாரபூர்வமாக வெளியானது. 

சட்டம் மூன்று படிகளில் தீர்ப்புச் சொல்கிறது. விதி யாருடையது என்பது முதல் கேள்வி: உலாவியின் இயல்பான விதியை வாசகரின் விதி வெல்லும், அதைத் தளத்தாரின் விதி வெல்லும். எவ்வளவு குறிப்பாகச் சுட்டுகிறது என்பது இரண்டாவது: ‘எல்லாப் பத்தியும்’ என்பதைவிடக் கிளாஸ் என்ற குழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது வலியது, அதைவிட ஒரே ஓர் உறுப்புக்கு உரிய ஐடி வலியது. இரண்டிலும் சமம் என்றால், கடைசியில் வந்தவர் சொல்லே செல்லும். கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, முதலில் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களை நனைக்கிறது; வைகை அணையையும் பேரணையையும் கடந்து மேலூர்க் கடைமடைக்குப் போய்ச் சேர்வது மீதம் இருந்தால்தான். வாய்க்காலில் தலைமடைக்காரர் கை ஓங்கும். சிஎஸ்எஸ்ஸில் ஓங்குவது கடைமடைக்காரர் கை.

சட்டம் தாளில் இருந்தது. அதை நடத்த வேண்டிய உலாவிகளோ ஒன்றோடொன்று போரில் இருந்தன. நெட்ஸ்கேப், ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதும் போட்டி முறை ஒன்றைக் கொண்டுவந்தது. அது எடுபடாததால் 1997-இல் வந்த நான்காம் பதிப்பில் சிஎஸ்எஸ்ஸை அவசரமாகத் தன் முறைக்கு மொழிபெயர்த்து ஓட்டியது. விளைவு, ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினால் பக்கத்தின் அலங்காரமும் சேர்ந்து போய்விடும். ஒரு கோப்புக்குள்ளிருந்து இன்னொரு கோப்பை அழைக்கும் இம்போர்ட் என்ற கட்டளையும் அந்த உலாவிக்குப் புரியவில்லை. வடிவமைப்பாளர்கள் இந்தக் குறையையே ஒரு கருவியாக்கினார்கள்: எளிய விதிகளைச் சாதாரணமாக இணைத்து, நுட்பமான விதிகளை இம்போர்ட் வழியாகப் பின்னால் அனுப்பினார்கள். நெட்ஸ்கேப் முன்னதை மட்டும் படித்து நிறுத்திக்கொண்டது. கோப்புகளை முன்பின்னாக அடுக்குவது ஒரு தொழில்நுட்பமானது இப்படித்தான்.

ஆங்கிலத் தளங்களுக்கு இந்தச் சண்டையில் போனது அழகுதான். தமிழுக்கு எழுத்தே போனது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோரின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. திஸ்கி ஒருபக்கம், 1999 சென்னைத் தமிழ் இணைய மாநாட்டில் பிறந்த டாம், டாப் ஒருபக்கம், பத்திரிகைகளின் சொந்த எழுத்துருக்கள் இன்னொரு பக்கம். பக்கத்துக்குள் உண்மையில் இருந்தவை ஐரோப்பிய எழுத்துகளின் எண்கள். அவற்றைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு ஒன்றுதான். எழுத்துருவைப் பெயரிடும் விதியை வேறொரு விதி முந்திவிட்டால், தலையங்கம் முழுவதும் பவுண்டுக் குறியும் கொக்கி போட்ட எழுத்துமாகச் சிதறிவிடும். நிறம் மாறினால் யாரும் புகார் சொல்வதில்லை. எழுத்துரு மாறினால் அன்றைய செய்தியே இல்லை. 1991 முதல் யூனிகோடில் தமிழ் இருந்தாலும், விண்டோஸ் 2000-உடன் லதா எழுத்துரு வந்த பிறகுதான் அது சாதாரணக் கணினியில் நடமாடத் தொடங்கியது.

இதற்கிடையில், 1998 மே மாதம் வந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பில், பலர் கவனிக்காத ஒரு திருத்தம் நடந்தது. ஒரு விதியின் முடிவில் ஆச்சரியக்குறியிட்டு ‘இம்பார்ட்டன்ட்’ என்று எழுதினால் அது மற்றவற்றை முந்தும் என்ற ஏற்பாடு முதலிலேயே உண்டு. முதல் பதிப்பில், வாசகரும் தளத்தாரும் இருவருமே அதை எழுதினால் தளத்தார் வெல்வார். இரண்டாம் பதிப்பு அதைத் திருப்பிப் போட்டது. கண் மங்கியவருக்குப் பெரிய எழுத்து வேண்டும், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு வேறு நிறம் வேண்டும். அப்படிப்பட்ட வாசகரின் அவசரச் சொல்லுக்கு மேல் தளத்தாரின் சொல் நிற்கக் கூடாது என்று வைத்தார்கள்.

பின்னர் நகலெடுப்பவர்களின் காலம் வந்தது. 2003-இல் டேவ் ஷே தொடங்கிய ‘சிஎஸ்எஸ் ஸென் கார்டன்’ ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு, சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றி நூற்றுக்கணக்கான முகங்களைக் காட்டியது. பார்த்தவர்கள் கோப்பைத் திறந்து பிரதி எடுத்தார்கள். 2005 பிப்ரவரியில், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் 1.5 பதிப்பு தீம் முறையைக் கொண்டுவந்ததும் பிரதி எடுப்பது ஒரு சந்தையாக வளர்ந்தது. தமிழ் வலைப்பூக்காரர்களும் பிளாகர் வார்ப்புருவுக்குள் நண்பர் கொடுத்த வரிகளை ஒட்டி, அது எதை இடித்தது என்று இரவெல்லாம் தேடியவர்கள்தான். தேனியிலிருந்து மு. சுப்பிரமணி ‘முத்துக்கமலம்’ இணைய இதழைத் தொடங்கிய 2006 இந்த உற்சாகத்தின் நடுப்பகுதி.

வாங்கிய தீமைத் தொடாமல் விட தமிழ்த் தளக்காரரால் முடிவதில்லை. தீம் செய்தவர் மனத்தில் இருந்தது ரோமன் எழுத்து. வரிகளின் உயரத்தை அவர் இறுக்கிவைத்தால், ‘கீ’யின் சுழியும் ‘கு’வின் காலும் வெட்டுப்படும். எழுத்திடை வெளியை அவர் கூட்டினால் சொல் துண்டு துண்டாகத் தெரியும். சாய்வெழுத்து கேட்டால், சாய்ந்த வடிவம் இல்லாத தமிழ் எழுத்துருவை உலாவி தானே வளைத்துக் காட்டும். நீளமான சொற்கள் கைபேசித் திரையைத் தாண்டி வெளியே நிற்கும். எனவே சொந்த விதிகள் தவிர்க்க முடியாதவை.

அவற்றைத் தீமின் கோப்பிலேயே எழுதினால், அடுத்த அப்டேட்டில் அத்தனையும் அழிந்துவிடும். அதற்கு மருந்தாக வந்ததுதான் சைல்டு தீம்: தாய்த் தீமைத் தொடாமல், மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் வைத்துப் பின்னால் இறக்குவது. தாயின் விதிகளை அழைக்கப் பல ஆண்டுகள் பரிந்துரைத்தது, நெட்ஸ்கேப்பை ஏமாற்றப் பயன்பட்ட அதே இம்போர்ட் கட்டளை. ஒரு கோப்பைப் படித்து முடித்த பிறகுதான் அடுத்தது உண்டென்று உலாவிக்குத் தெரியும் என்பதால் பக்கம் தாமதித்தது. இப்போது ‘இந்தக் கோப்பு இன்ன கோப்புக்குப் பின்னால் வர வேண்டும்’ என்று வேர்ட்பிரஸ்ஸிடம் பதிவு செய்வதே முறை. கூடவே கோப்பின் பதிப்பு எண்ணையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உலாவி சேமித்து வைத்த பழைய கோப்பையே காட்டி, இல்லாத மோதலைத் தேட வைக்கும்.

தீம் வியாபாரிகள் வசதி மேல் வசதி சேர்க்க, ஒரு தளத்தில் இறங்கும் கோப்புகள் பெருகின. அப்போது வெளிப்பட்ட விபத்துகள் சுவையானவை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஒன்பதாம் பதிப்பு வரை 31 கோப்புகளுக்கு மேல் படிக்காது. ஒரு கோப்பில், விதி எதற்கு என்று சுட்டும் தேர்விகள் 4,095-ஐத் தாண்டினால் மீதியைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். கடைசியில் வந்தவர் வெல்ல வேண்டிய சட்டத்தில், கடைசியில் வந்தவரே வாசலில் நிறுத்தப்பட்டார். ஐடியை எத்தனை கிளாஸ் சேர்ந்தாலும் வெல்ல முடியாது என்பதும் விதி. சில உலாவிகள் கிளாஸ் எண்ணிக்கையை எட்டு பிட்டில் எண்ணியதால், 256 கிளாஸை அடுக்கினால் ஐடி தோற்றுப்போவது 2012-இல் தெரியவந்தது.

2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7, சொந்த விதிகளை எழுத ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ என்ற பெட்டியைத் தந்தது. அதில் எழுதுவது பக்கத்தின் தலைப்பகுதியில் 101 என்ற முன்னுரிமை எண்ணோடு அச்சாகும். எண் பெரிதானால் முறை பின்னால் வரும். மற்றவர்கள் 100-க்குள் இறங்கிவிடுவார்கள் என்ற கணக்கு. வேறு ப்ளகின் இன்னும் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டால் கணக்கு பொய்க்கும். அப்போது பலர் இம்பார்ட்டன்டை எடுத்து வீசுவார்கள்; எதிராளியும் வீசுவார்; பழையபடி குறிப்பும் வரிசையும்தான் தீர்ப்புச் சொல்லும்.

இந்த ஓயாத ஏலத்தை நிறுத்த, மிரியம் சுசான் முன்வைத்த லேயர் முறை 2022-இன் தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் வந்து சேர்ந்தது. தீம் ஒரு லேயர், ப்ளகின் ஒரு லேயர், நம்முடையது ஒரு லேயர் என்று வரிசையை முதல் வரியிலேயே அறிவித்துவிடலாம். பின் லேயரில் உள்ள எளிய விதியும் முன் லேயரின் ஐடியை வெல்லும். இம்பார்ட்டன்ட் வந்தால் மட்டும் வரிசை தலைகீழாகி, முன் லேயருக்கே வெற்றி. 1998-இல் வாசகருக்காகச் செய்த திருப்பம் இங்கே ஒரு பொது விதியாகியிருக்கிறது.

அந்த வாசகருக்கு என்ன ஆயிற்று? 2014-இல் குரோம், வாசகர் தன் உலாவியில் வைத்துக்கொள்ளும் சொந்த விதிக் கோப்பைப் படிப்பதை நிறுத்தியது; 2019-இல் ஃபயர்ஃபாக்ஸ் அதை இயல்பில் அணைத்துவைத்தது. பெரும்பாலும் உலாவி நீட்சிகளை நிறுவிக்கொண்டவர்களுக்குத்தான் வழி இருக்கிறது. ஒரு விலக்கு உண்டு. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் முதலில் தளத்தின் பொது விதிகள் இறங்கும், அதற்குப் பின் பயனரின் தனி விதிகள் இறங்கும். அதில் கணக்கு வைத்திருக்கும் எவரும் தன் பெயரில் ஒரு சிஎஸ்எஸ் பக்கம் எழுதி, கலைக்களஞ்சியம் முழுவதையும் தனக்குப் பிடித்த அளவில் படிக்கலாம். ‘முத்துக்கமலம்’ இதழைத் தொடங்கிய மு. சுப்பிரமணியே 2010-இல் ‘தமிழ் விக்கிப்பீடியா’ என்று ஒரு நூல் எழுதித் தமிழருக்கு அதை அறிமுகம் செய்தார். ஹோகன் லீ யோசித்த 40 சதம் போன்ற பங்குக்குப் பதில், அங்கே வாசகருக்கு நூறு சதமும் கிடைக்கிறது. தளம் நடத்தும் நாம் குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம்: எழுத்தின் அளவுக்கு மட்டும் இம்பார்ட்டன்ட் எழுதாமல் இருக்கலாம்.