ருப்ரெடாக்சினில் இரும்பு–கந்தகப் பிணைப்பு: எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையியல் வரலாற்றில் ஒரு திருப்பம்

முன்னுரை

உலோக அயனிகள் அமினோ அமிலங்களோடு பிணையும் தொலைவைப் புரதங்களில் நுட்பமாக அளக்க நெடுங்காலம் படிகவியலே துணைநின்றது. 1970களில் எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையியல் அதனோடு இணைந்த வரலாற்றை ருப்ரெடாக்சின் என்னும் சிறு புரதத்தின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சிக்கலின் தோற்றம்

ருப்ரெடாக்சின் சில பாக்டீரியாக்களில் எலக்ட்ரான் கடத்தும் புரதமாகும். அதன் ஒற்றை இரும்பு அயனியை நான்கு சிஸ்டீன் அலகுகளின் கந்தக அணுக்கள் நான்முகி வடிவில் சூழ்ந்துள்ளன. வாட்டன்பா, சீக்கர், ஜென்சன் ஆகியோரின் தொடக்கக்காலப் படிக ஆய்வில் மூன்று பிணைப்புகள் ஏறத்தாழ 2.3 ஆங்ஸ்ட்ராம் நீளமுடையனவாகவும், ஒன்று மட்டும் 2.05 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குக் குறுகியதாகவும் தோன்றின. புரதம் தன் உலோக மையத்தை உருத்திரிந்த நிலையில் நிறுத்தி வினைக்கு ஆயத்தப்படுத்துகிறது என 1968இல் வேலியும் வில்லியம்சும் முன்வைத்த கருதுகோளுக்கு இக்குறுகிய பிணைப்பு வலுவான சான்றாகத் தென்பட்டது. எனவே, அளவு மெய்யா என்பது முதன்மை வினாவாயிற்று.

புதிய அளவுகோல்

எக்ஸ்-கதிரை உட்கவர்ந்த இரும்பு அணுவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான் அலை, அண்டை அணுக்களால் சிதறடிக்கப்பட்டுத் திரும்பி மூல அலையோடு குறுக்கிடுகிறது. அதனால் நிறமாலையில் அலைவுகள் எழுகின்றன. அவற்றை ஃபூரியர் உருமாற்றத்துக்கு உட்படுத்தி அணுக்களின் இடைத்தொலைவை அறியலாம் என்பதை 1971இல் சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் ஆகியோர் நிறுவினர். இம்முறைக்குப் படிகம் இன்றியமையாததன்று. எனினும், புரதத்தில் இரும்பின் செறிவு மிகக் குறைவாதலால் செறிவுமிக்க கதிர்மூலம் தேவைப்பட்டது. ஸ்டான்ஃபோர்டின் சிங்க்ரோட்ரான் அத்தேவையை நிறைவு செய்தது.

ஷுல்மன், ஐசன்பெர்கர் முதலியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வு, படிகவியல் காட்டிய பெரிய வேறுபாட்டை ஏற்கவில்லை. சேயர்ஸ் குழுவினரின் 1976ஆம் ஆண்டு ஆய்வும் நான்கு பிணைப்புகளும் ஏறக்குறைய ஒத்த நீளமுடையன என்றே காட்டியது. பின்னர் 1.2 ஆங்ஸ்ட்ராம் பகுதிறனில் செம்மையாக்கப்பட்ட படிக அமைப்பிலும் அக்குறுகிய பிணைப்பு காணப்படவில்லை.

முடிவுரை

வீழ்ந்தது ஒரு சான்றேயன்றி, உருத்திரிபுக் கருதுகோள் முழுமையும் அன்று. நிறமாலையியலுக்கும் எல்லை உண்டு: அது தரும் தொலைவு சராசரியே, எந்தச் சிஸ்டீன் எங்குள்ளது என்பதைப் படிகவியலே காட்டும். ஒரு முறையின் அளவை அதனைச் சாராத மற்றொரு முறையால் சோதிக்கும் தேவையை இவ்வரலாறு தெளிவுறுத்துகிறது.