ஒட்டவும் வேண்டும், உரியவும் வேண்டும்

மாஸ்க் என்றால் இப்போது எல்லோருக்கும் கொரோனாதான் ஞாபகம் வருகிறது. முப்பது வருடம் ரீடச்சிங் வேலை பார்த்த எனக்கு அது வேறு. படத்தில் ஓர் இடத்துக்கு மட்டும் வர்ணம் அடிக்க, மற்ற இடத்தை மூடி வைப்பதுதான் எங்கள் மாஸ்க். நன்றாக ஒட்ட வேண்டும். எடுக்கும்போது காகிதத்தின் மேல்தோல் கூடவே வந்துவிடக் கூடாது.

இதற்கு ஆங்கிலத்தில் ஃபிரிஸ்கெட் என்று பெயர். ஐரோப்பாவின் கை அச்சு யந்திரத்திலிருந்து வந்த சொல். காகிதத்தின் மேல் மடிந்து விழும் ஒரு மெல்லிய சட்டம் அது. அதில் தோலோ காகிதமோ கட்டி, எழுத்து பதியும் இடத்தை மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டிவிடுவார்கள். ஓரங்களில் மை படாது. சிவப்பு எழுத்து அச்சடிக்கத் தனியாக ஒன்று வெட்டுவதுண்டு. பழைய கையெழுத்துப் பிரதிகளின் தோல் ஏடுகளையே இதற்காக வெட்டியிருக்கிறார்கள் என்று படித்தபோது மனசு கேட்கவில்லை. ஆனால் அதில் பசை கிடையாது. அதனால் அச்சாகும் காகிதத்துக்குச் சேதமும் கிடையாது.

பசை வந்தது ஏர்பிரஷ்ஷோடு. 1880களில் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது, போட்டோ என்லார்ஜ்மென்ட்டுகளுக்கு வர்ணம் ஏற்றத்தான் அதிகம் பயன்பட்டது. காற்றோடு வரும் வர்ணம் சிறு இடுக்கிலும் புகுந்துவிடும். ஆகவே மூடுகிற தாள் படத்தோடு படிந்தே இருக்க வேண்டும்.

இதே அவஸ்தை கார் பெயின்டர்களுக்கும் இருந்தது. 1920களில் இரண்டு நிறக் கார்கள் நாகரிகம். செய்தித்தாளை ஒட்டி மறைத்து இரண்டாம் நிறம் அடிப்பார்கள்; பிய்த்தால் முதல் நிறமும் சேர்ந்து உரிந்து வரும். உப்புத்தாள் செய்துகொண்டிருந்த 3எம் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ ஒரு பட்டறையில் இதைப் பார்த்துவிட்டு, 1925இல் மாஸ்கிங் டேப் செய்தார். அவர் தேடியது பலமான பசை அல்ல, கையோடு வந்துவிடுகிற பசை.

சென்னையில் எங்கள் கடையில் அதற்கெல்லாம் வசதி ஏது? சைக்கிள் பஞ்சருக்குப் போடும் ரப்பர் சொல்யூஷனைப் பெட்ரோலில் கரைத்து, பட்டர் பேப்பரில் தடவி, கொஞ்சம் காய்ந்த பிறகு ஒட்டுவோம். பிளேடை அழுத்தக் கூடாது. அதன் கனமே போதும். மிச்சமாகும் பிசினை, காய்ந்த சொல்யூஷனையே உருட்டி வைத்த உருண்டையால் ஒற்றி எடுப்போம். ரப்பரை வைத்து ரப்பரை எடுக்கிற வித்தை!

பிறகு ரெடிமேட் பிலிம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். அதையும் முதலில் சுத்தமான துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்து, பிசினின் வேகத்தைக் குறைத்துக்கொள்வோம். உரிக்கும்போது மேலே தூக்காமல், படத்தோடு படுக்கை வாட்டில் மடித்து மெள்ள இழுக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஒட்டியபடி விடவே கூடாது. வெயிலில் பசை இளகி உள்ளே இறங்கும். மழைக்காலம் இன்னும் மோசம். போட்டோவின் மேல் இருப்பது ஜெலட்டின், ஈரம் குடித்தால் மெத்தென்று ஆகிவிடும்.

அப்படி ஒரு ஐப்பசியில், ஓர் அம்மா இறந்துபோன கணவரின் படத்தைக் கொண்டுவந்தார். இருந்தது அந்த ஒரே பிரதி. காப்பி எடுத்து அதில்தான் வேலை செய்ய வேண்டும். அவசரம் என்று முதலாளி ஒரிஜினலிலேயே பிலிமை ஒட்டச் சொல்லிவிட்டார். மறுநாள் உரித்தபோது வலது தோளும் காதும் பிலிமோடு வந்துவிட்டன. எங்கள் சீனியர் இரண்டு நாள் உட்கார்ந்து மெல்லிய பிரஷ்ஷால் தோளைப் போட்டார். காது அவர் பார்த்திராத காது, உத்தேசமாகத்தான் வரைந்தார். அந்த அம்மா வாங்கி வெகுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செல்லோபேன் டேப்பும் அதே ட்ரூ 1930இல் செய்ததுதான். கிழிந்த கல்யாணப் படத்தில் அது மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து பிய்க்காதீர்கள். முதலில் டேப்போடு அப்படியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.