அன்செல்ஃபி

அன்செல்ஃபி: 'கிவிங் டியூஸ்டே' நன்கொடை நாளையொட்டி ஆதரவாளர்கள் சமூக ஊடகங்களில் பகிரும் தற்படம். தாம் ஆதரிக்கும் தொண்டு நிறுவனத்தின் பெயரையும் அதற்கான காரணத்தையும் ஒரு தாளில் கைப்பட எழுதி, முகத்துக்கு முன்னாலோ மார்பருகிலோ பிடித்தபடி எடுப்பது வழக்கம். படத்துடன் ஹேஷ்டேக்கும் சேர்க்கப்படும்.

தோற்றம்: நியூயார்க்கின் 92ஆவது தெரு ஒய் பண்பாட்டு மையமும் ஐக்கிய நாடுகள் அறக்கட்டளையும் இணைந்து 2012இல் கிவிங் டியூஸ்டேயைத் தொடங்கின. முதல் நிகழ்வு அவ்வாண்டு நவம்பர் 27 அன்று நடந்தது. அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளை அடுத்துவரும் செவ்வாய்க்கிழமையே இந்நாள். அதற்கு முந்தைய வெள்ளியும் திங்களும் தள்ளுபடி விற்பனைக்குப் பெயர்பெற்றவை. 2019இல் இவ்வியக்கம் தனி அமைப்பானது. 2023இல் அமெரிக்காவில் மட்டும் இந்நாளில் சுமார் 310 கோடி டாலர் திரண்டதாக அவ்வமைப்பு மதிப்பிட்டது.

பயன்: நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, அறிந்தவர் ஒருவர் சொல்லும் சொல்லுக்கு நம்பிக்கை அதிகம். 'என் தாயாரின் இறுதி நாட்களில் துணை நின்றார்கள்' என்பது போன்ற ஒற்றை வரி, நீண்ட வேண்டுகோளைவிட ஆழமாகத் தைக்கும். நன்கொடைக்கான இணைப்பும் உடனிருந்தால், படித்த கையோடு பணம் அனுப்பலாம்.

நெறிகள்: பிறரின் படத்தையோ சொற்களையோ மறுபகிர்வு செய்யுமுன் அவரது ஒப்புதல் பெற வேண்டும். நோயாளிகள், குழந்தைகள் ஆகியோரின் அடையாளத்தைக் காப்பது கட்டாயம். உதவி பெற்றவரின் மானத்தை விலையாகக் கொடுத்துத் திரட்டும் நிதி தொண்டாகாது.