ஒரு டிக்கெட், இரண்டு கம்பெனி: கூட்டாளி விமானங்களின் கதை

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. பூட்டு, தோல், நூல் என்று எத்தனையோ சரக்கு இங்கிருந்து வெளியே போகிறது. ஆனால் அதை விற்கப் போகிறவர் விமானம் ஏற வேண்டுமென்றால் சுமார் 75 கிலோமீட்டர் போய் மதுரையிலோ, 100 கிலோமீட்டர் போய் திருச்சியிலோதான் ஏற வேண்டும். அங்கிருந்தும் ஐரோப்பாவுக்கு நேர் விமானம் இல்லை.

வேடசந்தூர் பக்கத்தில் நூற்பாலை நடத்தும் ஒரு முதலாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஐ.டி.எம்.ஏ. ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்கு (2015ல் மிலான், 2019ல் பார்சிலோனா, 2023ல் மறுபடியும் மிலான்) அவர் போக வேண்டும். இறங்கின மறுநாள் காலையிலேயே மெஷின் விலை பேசவேண்டும், தூக்கம் கெடக்கூடாது. அதனால் பிஸினஸ் கிளாஸ்.

2023ல் அவருக்கு இருந்த வழிகளில் மூன்றைப் பார்ப்போம். சென்னை போய் லுஃப்தான்சாவில் ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போகலாம். டெல்லி போய் ஏர் இந்தியாவில் போகலாம். இவை இரண்டும் ஸ்டார் அலையன்ஸ். இல்லையென்றால் மதுரையிலேயே ஶ்ரீலங்கனில் ஏறி, கொழும்பில் கத்தார் ஏர்வேஸுக்கு மாறி, தோஹா வழியாகப் போகலாம். இது ஒன்வேர்ல்ட். "எல்லாம் பார்ட்னர்தான் சார், எதுல போனாலும் ஒண்ணுதான்" என்பது டிக்கெட் போடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். நிஜமாகவே ஒன்றுதானா? அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

1932: ஒரே மாதத்தில் இரண்டு விஷயம்

காமர்ஸ் படிக்கும் எல்லோருக்கும் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932 மனப்பாடம். அது அமலுக்கு வந்த நாள் 1932 அக்டோபர் 1. அதற்குச் சரியாக இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 15ம் தேதி, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் ஒரு சின்ன பஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பி, அகமதாபாத் வழியாக பம்பாய் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மூட்டையைச் சென்னை கொண்டுவந்து சேர்த்தார்.

அந்தத் தபாலை லண்டனிலிருந்து கராச்சி வரை கொண்டுவந்தது டாடா அல்ல, பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ். ஆக, பின்னால் ஏர் இந்தியா ஆன அந்தக் கம்பெனியின் முதல் வேலையே இன்னொரு கம்பெனியின் தொடர்ச்சியாக ஓடியதுதான். கடிதம் ஒன்று, சுமந்தவர் இருவர். இன்று நாம் பார்ட்னர் ஏர்லைன் என்று சொல்வதன் அடிப்படை இதுதான்.

ஏன் சேர்ந்தார்கள்?

1944ல் சிகாகோவில் 50க்கும் மேற்பட்ட நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. தன் தலைக்கு மேலே உள்ள வானம் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்பது அதன் சாரம். எந்த வெளிநாட்டு விமானம் எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை முறை வரலாம் என்பதை இரண்டு நாட்டு அரசுகளும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்யும். லுஃப்தான்சா சென்னைக்கு வரலாம், ஆனால் சென்னையில் ஆள் ஏற்றி மதுரையில் இறக்க முடியாது. சரி, மதுரைக்குப் பறக்கிற இந்தியக் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிடலாமா என்றால் அதற்கும் பெரும்பாலான நாடுகளில் சட்டம் குறுக்கே நிற்கும். இந்தியாவில் வெளிநாட்டு விமான நிறுவனம் 49 சதவீதம் வரை பங்கு வாங்கலாம் என்று அனுமதி கிடைத்ததே 2012ல்தான்.

கல்யாணம் செய்துகொள்ள முடியாதவர்கள் சிநேகிதம் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். ஏர் சிலோன் 1949ல் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்தது, 1956ல் டச்சுக்காரர்களின் கே.எல்.எம்மோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த ஏர் லங்காவில் 1998ல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. அடுத்த வருடம் பெயர் ஶ்ரீலங்கன் என்று மாறியது. 2008ல் அந்த ஒப்பந்தமும் முடிந்தது. கூட்டாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த சிநேகிதம்தான் பெரிய அளவில் 1997ல் ஸ்டார் அலையன்ஸ், 1999ல் ஒன்வேர்ல்ட், 2000ல் ஸ்கைடீம் என்று மூன்று கூட்டணிகள் ஆனது.

இந்தியாவின் அனுபவம்

ஏர் இந்தியாவுக்கு ஸ்டார் அலையன்ஸ் அழைப்பு வந்தது 2007ல். நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் 2011ல் அது நின்றுபோனது. கடைசியில் சேர்ந்தது 2014 ஜூலை 11. அதற்குள் கொழும்பு முந்திவிட்டது! ஶ்ரீலங்கன் 2014 மே 1 அன்றே ஒன்வேர்ல்டில் சேர்ந்திருந்தது.

கிங்ஃபிஷர் 2012 பிப்ரவரியில் ஒன்வேர்ல்டில் சேர்வதாக இருந்தது. சேர வேண்டிய சமயத்தில் பணநெருக்கடி, கூட்டணி கதவைச் சாத்தியது. அதே வருடம் அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதையே நிறுத்தியது.

ஜெட் ஏர்வேஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 2013ல் அபுதாபியின் எத்திஹாட் அதில் 24 சதவீதம் வாங்கியது. ஜெட்டின் பாயிண்ட் திட்டம் மட்டும் தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டு, அதில் எத்திஹாட்டுக்குப் பாதிக்குச் சற்று மேல் பங்கு போனது. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து பம்பாய்க்குப் பறந்ததோடு ஜெட் நின்றது. தனிக் கம்பெனி என்பதால் பாயிண்டுகள் பிழைத்தன. சேர்த்தவர்கள் ஏறுவதற்கு ஜெட் விமானம்தான் இல்லை.

இங்கேதான் கூட்டாண்மைச் சட்டம் ஞாபகத்துக்கு வர வேண்டும். சட்டப்படி கூட்டாளி என்றால் நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. விமானக் கூட்டாளிகள் அப்படிப்பட்ட கூட்டாளிகளே அல்ல. லாபம் வரும் இடத்தில் கைகோர்ப்பார்கள், ஒருவர் மூழ்கினால் மற்றவர் கடனைக் கட்டமாட்டார். எத்திஹாட்கூட ஜெட்டில் வெறும் பங்குதாரர்தான், போட்ட பணத்தோடு அதன் பொறுப்பு முடிந்தது. பார்ட்னர் என்ற ஒரே வார்த்தையை நம்பி ஏமாறக்கூடாது என்பது இதனால்தான்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் இருக்கை. கூட்டணி ஒன்றாக இருப்பதால் படுக்கை ஒன்றாக இருக்காது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000லேயே பிஸினஸ் கிளாஸில் முழுதாகப் படுக்கும் இருக்கை வைத்தது. லுஃப்தான்சா அதைக் கொண்டுவந்தது 2012ல்தான், அதுவரை சரிவான படுக்கையில் வழுக்கிக்கொண்டேதான் தூங்க வேண்டும். கத்தார் 2017ல் கதவு வைத்த அறை மாதிரியான இருக்கையைக் கொண்டுவந்தது, ஆனால் அதன் எல்லா விமானத்திலும் அது கிடையாது. எனவே கம்பெனி பெயரை மட்டும் பார்க்காமல், எந்த மாடல் விமானம் என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஓட்டுவது யார்? கோட்ஷேர் டிக்கெட்டில் ஒரு கம்பெனியின் நம்பர் இருக்கும், வாசலில் வேறு கம்பெனியின் விமானம் நிற்கும். "ஆபரேட்டட் பை" என்று சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மை.

மூன்றாவது, பொறுப்பு. இந்தியாவில் 2009 முதல் அமலில் உள்ள மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, டிக்கெட் விற்ற கம்பெனி, பறந்த கம்பெனி இரண்டிடமுமே நஷ்டஈடு கேட்கலாம். பயணிக்கு இது பெரிய பலம். மதுரை முதல் மிலான் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால், கொழும்பு விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் அனுப்பிவைப்பது கம்பெனியின் வேலை. சல்லிசாக இருக்கிறதே என்று தனித்தனியாக எடுத்தால் கொழும்பில் அவர் பாடு அவருக்கு.

பாயிண்ட் கடைசி. சேர்த்து வைப்பதற்கல்ல, செலவழிப்பதற்கு. கூட்டணி மாறும், கம்பெனியே இல்லாமலும் போகும். எந்தக் கூட்டணியிலும் இல்லாத விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதன் விமானங்கள் ஒரே இரவில் ஸ்டார் அலையன்ஸுக்குள் வந்துவிட்டன.

1932ல் தபால் மூட்டைக்கு எந்த விமானம் என்பதில் கவலை இல்லை, போய்ச் சேர்ந்தால் போதும். மறுநாள் காலையில் பேரம் பேசப் போகிற நூற்பாலை முதலாளி அப்படி இருக்க முடியாது. டிக்கெட் போடுகிறவர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால், "எந்த விமானம், யார் ஓட்டுகிறார்கள், டிக்கெட் ஒன்றா இரண்டா?" என்று மூன்றே கேள்வி கேட்டால் போதும். பதில் சொல்லத் திணறினால் வேறு ஏஜெண்டைப் பார்ப்பது நல்லது.